சக்கையும் பலாப்பழமும்: ஓர் அங்கன்வாடிக் குழந்தையின் ஒன்பது மாதங்கள்

விளவங்கோடு வட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இயங்கும் ஓர் அங்கன்வாடி மையத்தில், ஜூன் முதல் பிப்ரவரி வரை ஒரு பெண் குழந்தையைக் கவனித்து எழுதிய பதிவுகளே இந்த ஆய்வுக்கு அடிப்படை. மையத்தில் சேர்ந்தபோது அவளுக்கு வயது 3 ஆண்டு 4 மாதம். வீட்டில் வாய் ஓயாது என்று பாட்டி சொன்ன அந்தக் குழந்தை, மையத்தில் ஏறத்தாழ பத்து வாரங்கள் பேசவில்லை. பாட்டும் படம் வரைதலும் கைவேலையும் அங்கே முதல் நாளிலிருந்தே நடந்துகொண்டுதான் இருந்தன. ஆகவே, அவை இல்லாததால் அவள் பேசவில்லை என்று சொல்ல வழியில்லை. இருந்தும் அவை ஏன் இத்தனை காலம் அவளை எட்டவில்லை, பிறகு எந்த இடத்தில் எட்டின என்பதையே இங்கே எழுத முயல்கிறேன். முன்பருவக் கல்விப் பயிற்சியாளர் என்ற முறையில் வாரம் ஒருமுறை அங்கே சென்றுவந்தேன். குழந்தையையும் குடும்பத்தையும் ஊரையும் பணியாளரையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மையமும் ஊர்ப்பேச்சும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டபோது, அதன் 6 சேவைகளில் ஒன்றாக முன்பருவக் கல்வியும் வைக்கப்பட்டது. ஆனால் சத்துமாவுக்கும் முட்டைக்கும் தடுப்பூசிக்கும் ஊரார் மனத்தில் உள்ள இடம் அதற்குக் கிடைத்ததில்லை. இன்றும் பலருக்கு அது 'பால்வாடி'தான். பால்வாடியில் படிப்பும் உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளுக்கென 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. கருப்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிப் பாட்டு, கதை, வரைதல், விளையாட்டு ஆகியவற்றை அமைப்பது அதன் வழி. நான் பார்த்த மையத்தின் பணியாளர் அதை ஒழுங்காகவே நடத்திவந்தார். பதினான்கு குழந்தைகள், ஓர் ஆயா, ஒரு கூடம், ஒரு சமையலறை, மழை பெய்தால் நனையும் ஒரு திண்ணை ஆகியவையே அந்த மையம்.

ஊரின் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாக, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றுள் கேரள எல்லையை ஒட்டிக் கிடப்பது விளவங்கோடு. இங்கே மரவள்ளிக்கு மரச்சீனி என்று பெயர், தண்ணீரை வெள்ளம் என்பவர்கள் உண்டு, பலாப்பழம் சக்கை. மலையாளச் சாயல் கொண்ட கொச்சைத் தமிழ் என்று வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்களோடு வாதிடுவதற்கு இது இடமில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு அது கொச்சையும் அல்ல, வட்டார வழக்கும் அல்ல. அவளிடம் இருக்கும் ஒரே மொழி அது.

பேசாத பத்து வாரங்கள்

குழந்தையின் தந்தை ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். தாயும் பால் எடுக்கத் துணைக்குப் போவார். காலையில் மையத்தில் கொண்டுவிடுவது பாட்டி. முதல் மாதத்தில் குழந்தை அழவில்லை, யாரோடும் சண்டையிடவில்லை, சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவளது மௌனம் மற்றவர் கண்ணில் படவே மூன்று வாரங்களாயின. பாட்டு நேரத்தில் எல்லோரோடும் நின்று கையசைத்தாள். அருகில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அவள் பாட்டைக் கேட்டு அசைக்கவில்லை, முன்னால் நின்ற சிறுமியின் கையைப் பார்த்து ஒரு கணம் பிந்தி அசைத்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவே இல்லை.

முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தோம். 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். அக்குழு வந்தபோது இவளைத் தனியாகக் காட்டினோம். கேட்பதில் குறை இல்லை என்றார்கள். வீட்டில் பேசி வெளியில் மட்டும் பேசாதிருக்கும் நிலை ஒன்று மருத்துவத்தில் உண்டு. புதிய இடத்துக்கு வந்த முதல் மாதத்தை அதில் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகும் மௌனம் நீடித்தால் கவனிக்கவேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் நாங்கள் அந்தக் கட்டத்தில்தான் நின்றோம். மேல்சிகிச்சைக்கு அனுப்புவதற்கான தாளும் எழுதப்பட்டிருந்தது. இந்தக் குழந்தையின் கதையைப் படித்துவிட்டுப் பேசாத குழந்தைகள் எல்லோருக்காகவும் காத்திருக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் ஒன்று தட்டுப்பட்டது. ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில், பழங்கள் பற்றிய பட அட்டைகளைக் காட்டி, "இது என்ன?" என்று பணியாளர் ஒவ்வொருவராகக் கேட்டுவந்திருக்கிறார். பலாப்பழ அட்டை இவள் முறைக்கு வந்திருக்கிறது. "சக்க" என்றிருக்கிறாள். "சக்கை இல்ல மக்களே, பலாப்பழம். எங்க, சொல்லு பாப்போம்" என்று பணியாளர் திருத்தியிருக்கிறார். அவள் சொல்லவில்லை. அன்றைய குறிப்பில் 'பதில் சொல்லவில்லை' என்று மட்டும் இருந்தது. நான் கேட்ட பிறகே பணியாளர் முழுவதையும் நினைவுகூர்ந்தார். அவருக்கு அது தெரியாத சொல் அல்ல. அவர் வீட்டிலும் சக்கைதான். சக்கைவறுவலும் சக்கைக்குருக் குழம்பும்தான். பள்ளிக்கூடம் என்றால் நல்ல தமிழ் பேசவேண்டும் என்ற பொறுப்புணர்ச்சியால் திருத்தியிருக்கிறார். நானாக இருந்தாலும் அந்த இடத்தில் அப்படியே செய்திருப்பேன். அந்த ஒரு திருத்தமே பத்து வார மௌனத்துக்குக் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அந்த மையத்தில் அவள் அதுவரை சொல்லியிருந்த ஒரே சொல் அதுதான் என்பதைப் பதிவேடு காட்டியது.

வாழைப்பழ நாள்

ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, வீடுகளில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) உப்பேரி வறுக்கத் தொடங்கும் நேரத்தில், பட அட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டு உண்மையான பழங்களைக் கொண்டுவரலாம் என்று முடிவெடுத்தோம். இந்த மாவட்டத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. மட்டி, ஏத்தன், செந்துளுவன், பேயன் என்ற நான்கு வகைகளைப் பணியாளர் வாங்கிவந்தார். மட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற குமரியின் பழம். விரல் போலச் சிறுத்து, மணமாக இருக்கும்; கைக்குழந்தைக்கு முதல் பழமாக மசித்துக் கொடுப்பது இங்குள்ள வழக்கம். அகராதியைப் புரட்டினால் மட்டி என்பதற்கு அறிவற்றவன் என்ற பொருளும் கிடைக்கும். புத்தகத் தமிழை மட்டும் நம்பி இந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறவர் சங்கடப்பட வாய்ப்புண்டு.

பாயில் வாழையிலை விரித்துப் பழங்களைக் குவித்தார்கள். ஆறு குழந்தைகள் சுற்றி அமர்ந்தார்கள். எதையும் கேட்க வேண்டாம் என்பது நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்த ஒப்பந்தம். கேள்வி கேட்காமல் இருப்பது பணியாளருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அவர் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்ததில் பார்த்தேன். ஒரு பையன் ஏத்தனைக் காதில் வைத்து ஃபோன் பேசினான். இன்னொருத்தி செந்துளுவனைத் தடவிப் பார்த்தாள். நம் குழந்தை ஐந்து நிமிடம்போல வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மட்டிச் சீப்பை இழுத்து மடியில் வைத்து, ஒரு பழத்தைப் பிய்த்து முகர்ந்தாள். அதை ஏத்தன் பக்கத்தில் வைத்தாள். எடுத்தாள். இரண்டின் அடிக்காம்பும் ஒரே கோட்டில் வரும்படி மறுபடியும் வைத்தாள். இரு பொருள்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரு முனையைச் சமப்படுத்தவேண்டும் என்பது அளத்தலின் முதல் பாடம். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அப்போதுதான், யாரையும் பார்க்காமல், பழத்தைப் பார்த்தே சொன்னாள்:

"இது மட்டி. எனக்க வீட்டுல நிக்குது."

பணியாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நல்லவேளையாக ஆயாதான் பதில் சொன்னார். "குலை தள்ளியாச்சா மக்களே?" என்று, தன் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோலக் கேட்டார். "தள்ளியாச்சு" என்றாள் குழந்தை. இரண்டு பேருக்கும் இடையே வாழைக்குலையைப் பற்றிய உரையாடல் நாலைந்து வாக்கியம் ஓடியது. அவளைப் பேச வைத்ததற்காக அன்று யாரும் கை தட்டவில்லை, பாராட்டவில்லை. அது அன்று நாங்கள் செய்த மிகச் சரியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பாட்டு எங்கிருந்து வந்தது

அடுத்த நாள் பாட்டும் பழத்திலிருந்தே பிறந்தது. பணியாளர் இரண்டு வரி கட்டினார். ஆயாவும் குழந்தைகளும் நீட்டினார்கள். ஒரு வாரத்தில் அது இப்படி நின்றது:

மட்டி மட்டி மஞ்சள் மட்டி
தொட்டில் பாப்பா தின்னும் மட்டி
ஏத்தன் ஏத்தன் நீள ஏத்தன்
தாத்தா கடையில் தொங்கும் ஏத்தன்
பேயன் பேயன் தடித்த பேயன்
ஆயா உரித்துத் தந்த பேயன்

கவிதையாக இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தேரூரில் 1876-இல் பிறந்து குழந்தைகளுக்கென்றே பாடல்கள் எழுதிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் மாவட்டத்தில் இதைப் பாட்டு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மட்டி–தொட்டில், ஏத்தன்–தாத்தா, பேயன்–ஆயா என்று அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதைக் கவனிக்கலாம். பணியாளர் எதுகை இலக்கணம் பார்த்துக் கட்டவில்லை. தமிழ் கேட்டு வளர்ந்த காது தானாகக் கட்டியது. ஆங்கில மழலைப் பாட்டில் ஒலி பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒத்துவரும். அதைப் பார்த்துப் பயிற்சிக் கையேடுகளும் இறுதி ஒலியையே குழந்தைக்குக் காட்டச் சொல்கின்றன. தமிழில் இயைபு ஒருபக்கம் இருக்க, வரியின் முகப்பிலேயே மோனையும் எதுகையும் காதைப் பிடித்து இழுக்கின்றன. சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் திறமைதான் பின்னால் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு அடித்தளம் என்பதால், நம் குழந்தைக்கு அந்தப் பயிற்சியை வரியின் தொடக்கத்திலிருந்தே கொடுக்க முடியும்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள், சத்துமாவு உருண்டை உருட்டும் நேரத்தில், அவள் தனக்குத்தானே முணுமுணுத்ததைப் பணியாளர் எழுதிவைத்திருக்கிறார்: "மட்டி, குட்டி, சட்டி, தொட்டி, பட்டி." கடைசியாக "நட்டி" என்றும் சொல்லிவிட்டு, அப்படி ஒரு சொல் இல்லை என்று தெரிந்ததுபோலச் சிரித்திருக்கிறாள். பொருளில்லாத சொல்லை வேண்டுமென்றே உண்டாக்கிச் சிரிக்கும் குழந்தை, பொருளையும் ஒலியையும் தனித்தனியாகப் பிடித்துவிட்டாள். பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட இது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சரிந்த கோடு

வரைதலுக்குக் காகிதம் மட்டுமல்லாமல், வாழைமட்டையின் குறுக்குவெட்டு, சிரட்டை (தேங்காய் ஓடு), இலை ஆகியவையும் அச்சுக்களாயின. மட்டையைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் அறை அறையாகப் பிறை வடிவம் விழும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் அது ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறுவதையும், மஞ்சள் கரைசல் சோப்பு நீர் பட்டுச் சிவப்பதையும் பார்த்துக் குழந்தைகள் வாரக்கணக்கில் சலிக்கவில்லை. ஓணத்துக்கு இடும் பூக்கோலமான அத்தப்பூவுக்குத் தோவாளையிலிருந்து வந்த பூக்களில் அரளியைப் பணியாளர் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிட்டார், அது நஞ்சு. ரப்பர் கொட்டையும் வாயில் போகக் கூடாது என்பதால் பெரியவர் கண்முன் மட்டும் தரப்பட்டது. மஞ்சாடிக் கொட்டைகளை எண்ணும் விளையாட்டு அழகானது. ஆனால் தொண்டையில் சிக்கும் அளவுள்ள எதையும் மூன்று வயதுக் குழந்தைகளின் குவியலில் போடுவதை நான் ஏற்கவில்லை. அதில் எங்களுக்குள் சிறு மனத்தாங்கலும் உண்டு.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது நவம்பர் மாதத் தாள் ஒன்று. குழந்தைகள் பொதுவாக மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதையொட்டிச் சிலுவைக்குறியையும், அதற்குப் பிறகு சதுரத்தையும், ஐந்து வயதளவில் முக்கோணத்தையும் பார்த்து வரைவார்கள். சரிந்த கோடு நேர்கோட்டைவிடக் கடினம். அவளுக்கு அப்போது 3 ஆண்டு 9 மாதம். பெருக்கல் குறி வரைந்த அட்டையைக் காட்டி வரையச் சொன்னபோது நின்ற கோடும் கிடந்த கோடுமாகப் போட்டாள். அதே வாரம் தானாக வரைந்த தாளில் ஒரு நெடுங்கோடு, அதன் நடுவே இடதுபுறம் உயர்ந்து வலதுபுறம் தாழ்ந்த சரிகோடுகள் நான்கு, கீழே ஒரு அரைவட்டம் இருந்தன. "என்னது மக்களே?" என்று கேட்டதற்கு, "அப்பா வெட்டினது. பால் சிரட்டையில விழுது" என்றாள். ரப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஏறத்தாழ 30 பாகை சரிந்துதான் இறங்கும். அட்டையில் வராத கோடு, அப்பாவின் மரத்தில் வந்துவிட்டது.

எழுத்து பற்றிய சச்சரவு

மையத்தில் எழுதப் பழக்கவில்லை என்ற குறை ஆண்டு முழுவதும் இருந்தது. "பிள்ளைக்கு ஒரு அ போடவாவது படிச்சு குடுக்கப்பிடாதா டீச்சரே?" என்று பாட்டியே இரண்டு முறை கேட்டார். அருகில் உள்ள ஆங்கிலவழி மழலையர் பள்ளியில் அதே வயதுக் குழந்தைகள் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதைப் பார்த்து மூன்று குழந்தைகளைப் பெற்றோர் அங்கே மாற்றிவிட்டார்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்ததும் பெற்றோரின் இத்தகைய எதிர்பார்ப்பே. இந்த மையம் அவற்றுள் ஒன்றல்ல.

பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எழுத்துதான் தங்கள் பிள்ளையைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோகும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். ஆனால் மணிக்கட்டில் உள்ள 8 எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புகளே. அவை ஒவ்வொன்றாகத்தான் இறுகத் தொடங்கும்; கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஆகும். சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றுகூடிய 'அ'வை, விரல் பிடிப்பே நிலைக்காத கையில் பென்சிலைத் திணித்து எழுதவைப்பதில் என்ன அவசரம்? விஜயதசமியன்று இந்த மாவட்டத்துக் கோயில்களில் நடக்கும் ஏடு தொடங்கும் நிகழ்ச்சியை நினைவூட்டித்தான் பணியாளர் தாய்மாரோடு பேசினார். அங்கே குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில்தானே எழுதவைக்கிறோம், பென்சிலைக் கொடுப்பதில்லையே என்று கேட்டார். அன்றிலிருந்து மையத்திலும் ஒரு தாம்பாளத்தில் அரிசி பரப்பப்பட்டது. அ–வில் தொடங்காமல், இரண்டு நேர்கோடுகளில் முடிந்துவிடும் ட–வில் தொடங்கினார்கள். மட்டியில் ஒலிக்கும் எழுத்தும் அதுவே என்பது தற்செயல்தான்.

வராதவையும் தெரியாதவையும்

எல்லாம் நன்றாகப் போய்விடவில்லை. வடகிழக்குப் பருவமழையில் களிமண் வேலை சளியும் ஈரத் தரையுமாக முடிந்தது; ஒரு மாதம் கைவிட்டோம். டிசம்பரில் பார்வையாளர்கள் வந்த நாளில் குழந்தைகளுக்கு ஓர் ஆங்கிலப் பாட்டை அவசரமாகப் பழக்கியிருந்தார்கள். அன்று அவள் ஜூன் மாதக் குழந்தையாகவே நின்றாள். முன்னால் நின்ற சிறுமியின் கையைப் பார்த்து, ஒரு கணம் பிந்தி. வந்தவர்களின் குறிப்பில் 'ஒரு குழந்தை பங்கேற்கவில்லை' என்று பதிவானது. அது உண்மைதான்.

ஒரு குழந்தையை வைத்து எழுதப்பட்ட ஆய்வு இது. ஒன்பது மாதத்தில் எந்தக் குழந்தையும் தானாகவே வளரும். பழக்கம் ஏற்பட்டதாலேயே வாய் திறந்திருக்கலாம். ஆகஸ்டுக்குப் பிறகு பணியாளரும் மாறியிருந்தார்: கேள்விகளைக் குறைத்தார், வீட்டுச் சொல்லைத் திருத்தாமல் ஏற்றுக்கொண்டு, தன் பதிலில் புத்தகச் சொல்லைச் சேர்த்துச் சொன்னார். குழந்தை "வெள்ளம் வேணும்" என்றால், "வெள்ளம் வேணுமா, இந்தா தண்ணி" என்பார். பழம், பாட்டு, இந்தப் பேச்சு ஆகிய மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்தப் பதிவுகள் போதா. என் மதிப்பீட்டில் வரிசை இதுதான்: அவள் வீட்டுச் சொல்லோடு இருந்த பொருள் முதலில் கைக்கு வந்தது, சொல் அதன் பின்னால் வந்தது, பாட்டும் கோடும் கடைசியில் வந்தன. ஜூனில் நாங்கள் பாட்டிலிருந்தும் அட்டையிலிருந்தும் தொடங்கியிருந்தோம்.

பிப்ரவரியின் கடைசி வாரத்தில் பழைய பட அட்டைகளைப் பணியாளர் மறுபடி எடுத்தார். பலாப்பழ அட்டை வந்ததும் குழந்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சக்க. படத்துல மட்டும் பலாப்பழம்" என்றாள். அவள் தந்தை அதற்குள் மழலையர் பள்ளிக்கான விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தார். பணியாளர் அவள் வரைந்த இருபத்து மூன்று தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கி, சணலில் கோத்துப் பாட்டியிடம் கொடுத்தார். பாட்டி வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டி, ரப்பர் மரத் தாள் வந்ததும் அதை மட்டும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பேத்தி அதை வாங்கி நேராகப் பிடித்துக் காட்டினாள்.